பனியன் கம்பெனியில் ஒரு சட்டை பிறக்கும் கதை

நீங்கள் இப்போது போட்டிருக்கும் டி-சர்ட்டை (போட்டிருக்காவிட்டால் கொடியில் காய்வதை) ஒரு நிமிடம் உள்பக்கமாகத் திருப்பிப் பாருங்களேன். தோளில் ஒரு தையல். கழுத்தைச் சுற்றி ஒரு பட்டி, அதன்மேல் இன்னொரு தையல். இரண்டு கைகள், இரண்டு பக்கங்கள், கீழே மடிப்பு, கழுத்துக்குப் பின்னால் ஒரு லேபிள். எண்ணிப் பார்த்தால் பத்துக்குக் குறையாது. இத்தனையும் ஒரே ஆள் உட்கார்ந்து தைத்தது அல்ல. தோளைத் தைத்தவர் கையைத் தைக்கவில்லை. கையைத் தைத்தவர் கழுத்தைத் தொட்டதே இல்லை. லேபிள் வைத்தவருக்கு அந்தச் சட்டை முழுதாக எப்படி இருக்கும் என்று பார்க்க நேரமே கிடைத்திருக்காது!

எங்கள் புதுக்கோட்டை மாவட்டத்தில் திருப்பூருக்கு 'பனியன் கம்பெனி' வேலைக்கு ஆள் போகாத ஊரைத் தேடிப் பார்க்க வேண்டும். கறம்பக்குடி, கந்தர்வகோட்டை, ஆலங்குடி, அறந்தாங்கி, எந்தப் பக்கம் போனாலும் தெருவுக்கு ஒரு வீட்டிலாவது ஒரு அண்ணனோ அக்காவோ அங்கே இருப்பார்கள். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் முன்னால் திருப்பூரிலிருந்து வரும் பஸ்களில் நிற்க இடம் இருக்காது. ஆனால் அவர்கள் அங்கே என்ன செய்கிறார்கள் என்று கேட்டால் "டெய்லரிங்" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவார்கள். அந்த 'டெய்லரிங்' நம் ஊர்க் கடைத்தெருவில் டேப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டு நிற்கும் டெய்லரின் வேலையா என்றால், இல்லவே இல்லை. ஒரு முழு ஆளின் தொழில் எப்போது, எப்படி இப்படித் துண்டு துண்டானது? அதைத்தான் இந்தப் பதிவில் பார்க்கப் போகிறோம்.

தைக்காத துணியின் நாடு

முதலில் ஒரு விஷயம். நம் நாட்டில் உடை என்பது பெரும்பாலும் தைக்காத துணிதான். வேட்டியும் சேலையும் துண்டும் தறியிலிருந்து இறங்கும்போதே முடிந்துபோன உடைகள். நம் மாவட்டத்துச் சித்தன்னவாசல் ஓவியங்களில் உள்ள ஆடல் பெண்களைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், இடுப்பில் சுற்றியதும் தோளில் புரள்வதும்தான் அங்கே உடை. அதற்காகத் தையலே தெரியாதவர்கள் என்று சொல்லிவிட முடியாது. சிலப்பதிகாரம் புகார் நகரத்துத் தொழிலாளர்களைச் சொல்லும்போது 'துன்னகாரர்' என்று தையல்காரர்களையும் சேர்த்தே சொல்கிறது. ஆனாலும் பெருமை எல்லாம் நெசவுக்குத்தான். சோழமண்டலக் கரையிலிருந்து தென்கிழக்கு ஆசியாவுக்குப் போன முக்கியமான சரக்கு துணி. அந்தக் கடல் வணிகத்தில் பேர் பெற்ற மணிக்கிராமம் என்ற வணிகக் குழுவுக்கு நம் கொடும்பாளூரும் ஒரு மையம். ஆக, துணி விற்கப் போன ஊர்தான் இது. தைக்கப் போனது ரொம்பப் பின்னாடி.

பாரிசில் உடைபட்ட மிஷின்கள்

பிரான்சில் பார்த்தெலெமி திமோனியே என்று ஒரு ஏழைத் தையல்காரர். 1830-ல் ஒரு தையல் இயந்திரத்துக்குக் காப்புரிமை வாங்கினார். பெரும்பாலும் மரத்தால் ஆனது, ஒரே நூலால் சங்கிலித் தையல் போடும். பாரிசில் ஏறத்தாழ எண்பது இயந்திரங்களை வைத்துப் பிரெஞ்சு ராணுவத்துக்குச் சீருடை தைக்கத் தொடங்கினார்கள். உலகத்தின் முதல் ஆயத்த ஆடைத் தொழிற்சாலை என்று இதைச் சொல்வதுண்டு. நடந்தது என்ன? 1831-ல் பாரிஸ் தையல்காரர்கள் கும்பலாக உள்ளே புகுந்து இயந்திரங்களை உடைத்துப் போட்டார்கள். தங்கள் பிழைப்பு போய்விடும் என்ற பயம். திமோனியே கடைசியில் வறுமையிலேயே 1857-ல் இறந்துபோனார்.

பள்ளிப் பாடத்தில் இந்த மாதிரி ஆட்களை 'முன்னேற்றத்துக்கு எதிரிகள்' என்று ஒரு வரியில் ஒதுக்கிவிடுவார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அவர்கள் பயந்தது சரியான விஷயத்துக்கு, அடித்தது மட்டும் தவறான பொருளை! ஏன் என்று கொஞ்சம் கீழே சொல்கிறேன்.

அமெரிக்காவில் எலியாஸ் ஹோவ் 1846-ல் இரண்டு நூல் பூட்டுத் தையலுக்குக் காப்புரிமை வாங்கினார். ஐசக் சிங்கர் 1851-ல் தன் இயந்திரத்தைக் கொண்டுவந்து, பிறகு தவணை முறையில் விற்று உலகம் முழுக்கப் பரப்பினார். 'சிங்கர்' என்ற பெயர் இன்றைக்கும் திருப்பூரில் ஒரு வேலையின் பெயராகவே இருக்கிறது என்பதைப் பின்னால் பார்ப்போம். இந்தியாவுக்கும் அந்த நூற்றாண்டின் பிற்பகுதியிலேயே சிங்கர் வந்துவிட்டது. 1930-களில் கல்கத்தாவில் உஷா மிஷினும் உருவாகத் தொடங்கியது.

இயந்திரங்களைக் கடுமையாக விமர்சித்த காந்தியடிகளே தையல் மிஷினுக்கு மட்டும் விலக்குக் கொடுத்தார் என்பது உங்களுக்குத் தெரியுமா? 1924-ல் ஜி. ராமச்சந்திரன் என்ற சாந்திநிகேதன் மாணவர் "எல்லா இயந்திரங்களையும் எதிர்க்கிறீர்களா?" என்று கேட்டபோது, சிங்கர் மிஷினை உதாரணமாகக் காட்டி, பயனுள்ள சில கண்டுபிடிப்புகளில் இதுவும் ஒன்று என்றார். அந்த மாணவர் விடவில்லை. அப்படியானால் அந்த மிஷினைச் செய்ய ஒரு பெரிய தொழிற்சாலை வேண்டுமே என்று மடக்கினார். அது அரசின் கையில் இருக்கட்டும், அங்கே வேலை செய்கிறவர்களின் நிலைமை நன்றாக இருக்கட்டும் என்பது காந்தியின் பதில். (மாணவர்கள் இப்படித்தான் கேள்வி கேட்க வேண்டும்!)

காந்தியின் கணக்கு நம் ஊர்களில் பலித்தது என்றே சொல்லலாம். மிஷின் வந்ததும் தையல்காரர் காணாமல் போகவில்லை. ஒவ்வொரு கடைத்தெருவிலும் புதிதாகத் தோன்றினார். அளவு எடுப்பது, சாக்குக்கட்டியால் கோடு போடுவது, வெட்டுவது, தைப்பது, காஜா எடுப்பது, பட்டன் வைப்பது எல்லாம் அவர் ஒருவரே, அல்லது அவரும் அவரிடம் தொழில் கற்கும் ஒரு பையனும். காஜா எடுப்பதில் ஆரம்பித்து வெட்டுவதில் முடியும் அந்தப் பயிற்சி. கத்தரியை எப்போது கையில் கொடுக்கிறாரோ அன்றைக்குப் பையன் டெய்லர் ஆகிவிட்டான் என்று அர்த்தம்.

அப்படியானால் தொழிலைத் துண்டாக்கியது எது?

என்னைக் கேட்டால் மூன்று பொருள்கள்: அளவு, கத்தி, கடிகாரம்.

அளவு முதலில். உங்கள் உடம்பைப் பார்க்காமலேயே உங்களுக்குச் சட்டை தைக்க வேண்டுமானால் மனிதர்களைச் சில அளவுகளுக்குள் அடக்க வேண்டும். அமெரிக்க உள்நாட்டுப் போரில் (1861–65) லட்சக்கணக்கான சிப்பாய்களுக்கு அவசரமாகச் சீருடை தேவைப்பட்டது. ஆள் ஆளாக அளந்துகொண்டிருக்க முடியுமா? அளவுகளைத் திரட்டிப் பார்த்ததில், மார்பு இத்தனை என்றால் இடுப்பும் கையும் பெரும்பாலும் இத்தனைதான் இருக்கும் என்று ஒரு ஒழுங்கு தெரிந்தது. போருக்குப் பின் அதுவே ஆண்களின் ஆயத்த உடைக்கு அடிப்படை ஆனது. இன்றைக்கு நாம் கடையில் கேட்கும் எஸ், எம், எல், எக்ஸ்எல் எல்லாம் அந்த வழியில் வந்தவைதான்.

அடுத்தது கத்தி. இங்கிலாந்தில் லீட்ஸ் நகரத்துத் துணி வியாபாரி ஜான் பாரன், 1850-களின் இறுதியில், மரத்தை மெல்லிசாக அறுக்கும் பட்டை ரம்பத்தைப் பார்த்துவிட்டு, இதே மாதிரி துணியை வெட்டினால் என்ன என்று யோசித்தார். அதன்பிறகு ஒரே வெட்டில் பல அடுக்குத் துணி. கத்தரி பிடித்த கையின் மதிப்பு அன்றைக்கு இறங்கியது. வெட்டுவது ஒரு ஆளின் வேலையாகவும் தைப்பது வேறு ஆட்களின் வேலையாகவும் பிரிந்தது.

கடைசியில் கடிகாரம். பிரெடரிக் டெய்லர் என்ற அமெரிக்கப் பொறியாளர் (பெயரிலும் 'டெய்லர்', பாருங்கள்) இரும்பு ஆலைகளில் தொழிலாளர்களின் ஒவ்வொரு அசைவையும் நிறுத்துக்கடிகாரத்தால் அளந்தார். 1911-ல் புத்தகமே எழுதினார். எந்த வேலையையும் சின்னச் சின்ன அசைவுகளாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் இத்தனை நொடி என்று கட்டிவிடலாம் என்பது அவர் கொள்கை. ஆடைத் தொழில் அதை அப்படியே எடுத்துக்கொண்டது.

இப்போது பாரிஸ் தையல்காரர்களிடம் திரும்பி வாருங்கள். மிஷின் அவர்கள் தொழிலை அழிக்கவில்லை. அளவு, கத்தி, கடிகாரம் மூன்றும் சேர்ந்து தொழிலைப் பிரித்துப்போட்டன. ஆனால் இவற்றை யார் கும்பலாகப் போய் உடைக்க முடியும்?

டெய்லரின் புத்தகம் வந்த அதே 1911-ல், மார்ச் 25 அன்று, நியூயார்க்கில் டிரையாங்கிள் என்ற ஆடைத் தொழிற்சாலையில் தீப்பிடித்தது. கதவு பூட்டியிருந்ததால் பலர் வெளியேற முடியாமல் போனது. 146 பேர் இறந்தார்கள், பெரும்பாலும் குடியேறி வந்த இளம் பெண்கள். 2013 ஏப்ரல் 24-ல் வங்கதேசத்தில் ராணா பிளாசா கட்டடம் இடிந்தபோது 1,100-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். நூறு வருட இடைவெளியில் ஊர் மாறியது. ஏழை வீட்டுப் பெண்கள் என்பது மட்டும் மாறவில்லை.

திருப்பூர் வந்த கதை

திருப்பூருக்குப் பருத்திச் சந்தையும் ரயிலும் இருந்தன. 1920-களில் அது கதருக்குப் பேர்போன ஊர். 1932 ஜனவரியில் கொடியை விடாமல் உயிர்விட்ட குமரன் அந்த ஊரில்தான் விழுந்தார். அதே ஊரில், கதர் நூற்றுக்கொண்டிருந்த அதே காலத்தில், 1925 வாக்கில் குலாம் காதர் என்பவர் கல்கத்தாவிலிருந்து பின்னல் மிஷின் கொண்டுவந்து பனியன் தயாரிக்க ஆரம்பித்தார் என்று சொல்கிறார்கள்.

பனியன் துணி நெய்வது அல்ல, பின்னுவது. ஸ்வெட்டர் மாதிரி ஒரே நூல் வளையம் வளையமாகக் கோத்துக்கொண்டு போகும். அதனால்தான் இழுத்தால் நீள்கிறது. வட்ட மிஷினில் அது குழாய் போல இறங்கும். அந்தக் காலத்து வெள்ளைப் பனியன் ஏதாவது தாத்தாவிடம் இருந்தால் வாங்கிப் பாருங்கள், பக்கவாட்டில் தையலே இருக்காது. உடம்பு அகலத்துக்கே குழாயைப் பின்னி, கழுத்தும் கையும் மட்டும் வெட்டித் தைத்துவிடுவார்கள்.

1970-கள் வரை திருப்பூர் என்றால் இந்த வெள்ளைப் பனியனும் ஜட்டியும்தான். வேலை செய்தவர்களும் பெரும்பாலும் ஆண்கள், சுற்று வட்டாரத்துக்காரர்கள். 'பவர் டேபிள்' என்று ஒன்று உண்டு. நீள மேசையில் மிஷின்களை வரிசையாக மாட்டி, கீழே ஒரே மோட்டாரால் ஓட்டுவது. டெய்லர் பக்கத்தில் 'கைமடி' என்று ஒரு பையன், துணியை மடித்து மடித்துக் கொடுப்பான். கைமடியாகச் சேர்ந்து, டெய்லராகி, நாலு மிஷின் வாடகைக்குப் பிடித்து, கடைசியில் முதலாளியானவர்கள் அங்கே ஏராளம். சுற்றுப்பக்கத்துக் கவுண்டர் விவசாயக் குடும்பங்களிலிருந்து வந்தவர்கள் இப்படி எழுந்த கதையை ஷரத் சாரி என்ற ஆய்வாளர் 2004-ல் ஒரு புத்தகமாகவே எழுதியிருக்கிறார். எல்லோருக்கும் ஏணி கிடைத்ததா என்பது வேறு கேள்வி. 1984-ல் பஞ்சப்படிக்காகத் திருப்பூர்த் தொழிலாளர்கள் 127 நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள் என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

1978-ல் வெரோனா என்ற இத்தாலியர் வெள்ளை டி-சர்ட் தேடிக்கொண்டு வந்தார் என்பது அந்த ஊரில் எல்லோரும் சொல்லும் கதை. அங்கிருந்து ஏற்றுமதி. 1980-களின் நடுவில் பதினைந்து கோடி ரூபாய் அளவில் இருந்தது, 2024-25 நிதியாண்டில் ஏறத்தாழ 40,000 கோடி ரூபாயை எட்டியது. இடையில் ஒரு முக்கியமான தேதி: 2005 ஜனவரி 1. அதற்கு முன் எந்த நாடு எவ்வளவு துணி அனுப்பலாம் என்று பணக்கார நாடுகள் கோட்டா வைத்திருந்தன (1974-ல் வந்த ஒப்பந்தம்). அது முடிந்ததும் பெரிய ஆர்டர்கள், பெரிய கட்டடங்கள், நீண்ட தையல் வரிசைகள். அந்த வரிசைகளில் உட்கார ஆள் வேண்டும். உள்ளூர் ஆள் போதவில்லை.

(இந்த வளர்ச்சிக்கு நொய்யல் ஆறு கொடுத்த விலை தனிப் பதிவுக்கான விஷயம். சாயக்கழிவு ஒரத்துப்பாளையம் அணையில் தேங்கி, 2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லும் அளவுக்குப் போனது.)

உள்ளே போய்ப் பார்ப்போமா?

ஏற்றுமதிக் கம்பெனிக்குள் துணி வரும்போதே பின்னி, சாயம் ஏற்றி, சுருங்காதபடி காம்பாக்டிங் முடிந்துதான் வரும். உடனே வெட்ட மாட்டார்கள். பின்னல் துணி உருளையில் இழுபட்டு இருக்கும். பிரித்துப் போட்டு ஆறவிட்டுத்தான் வெட்ட வேண்டும். இல்லாவிட்டால் தைத்தபிறகு சுருங்கி, எல் சைஸ் எம் ஆகிவிடும். பிறகு அடுக்கடுக்காக விரித்து, மேலே அளவுத்தாளை வைத்து, கட்டிங் மாஸ்டர் மிஷின் கத்தியால் வெட்டுவார். கையில் இரும்பு வலைக் கையுறை இருக்கும், இருக்க வேண்டும்.

வெட்டிய ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு நம்பர் ஸ்டிக்கர். இது ஏன் என்று யோசித்திருக்கிறீர்களா? ஒரே நீலம் என்று நமக்குத் தோன்றுவது உருளைக்கு உருளை லேசாக மாறும். பதினேழாம் அடுக்கின் முன்பக்கம் பதினேழாம் அடுக்கின் பின்பக்கத்தோடுதான் சேர வேண்டும். மாறினால் சட்டையின் பாதி ஒரு நீலம், பாதி இன்னொரு நீலம்.

அப்புறம் தையல் வரிசை. மூன்று விதமான மிஷின்கள்: ஓவர்லாக், பேட்லாக், சிங்கர். கம்பெனி வாசல்களில் "ஓவர்லாக், பேட்லாக், சிங்கர் டெய்லர்கள் தேவை" என்று போர்டு தொங்குவதைத் திருப்பூர் போனவர்கள் பார்த்திருப்பீர்கள். சாதாரண ஒற்றை ஊசித் தையல்தான் சிங்கர், மிஷின் எந்தக் கம்பெனியுடையதானாலும். அந்தத் தையலைப் பனியன் துணியில் எல்லா இடத்திலும் போட்டால், தலைவழியே மாட்டும்போது துணி நீளும், நூல் நீளாது, பட்டென்று அறுந்துவிடும். அதற்குத்தான் ஓவர்லாக். ஓரத்தை வெட்டிக்கொண்டே, நூலை ஓரத்தைச் சுற்றிப் பின்னிக்கொண்டே போகும், துணியோடு சேர்ந்து தானும் நீளும். 1880-களில் அமெரிக்காவின் மெர்ரோ கம்பெனி உருவாக்கிய வகை இது. கை மடிப்பு, கீழ் மடிப்பு எல்லாம் பேட்லாக். வெளியே இரண்டு கோடும் உள்ளே பின்னலுமாகத் தெரிகிறதே, அதுதான்.

ஒருவர் தோளை மட்டும் இணைப்பார். அடுத்தவர் கழுத்துப் பட்டி. அடுத்தவர் கை. நாள் முழுக்க, வாரம் முழுக்க அதே. ஒரு தோளுக்கு அரை நிமிடம் என்று கட்டிவிட்டால் மணிக்கு 120. அந்தக் கணக்கு வரிசையின் முனையில் ஒரு போர்டில் எழுதப்படும்: இந்த மணி நேரத்துக்கு எத்தனை இலக்கு, எத்தனை வந்தது. தண்ணீர் குடிக்க எழுந்தால்கூட அந்த போர்டில் தெரியும். தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொண்டவர்களை எனக்குத் தெரியும்.

ஊசி உடைந்தால் ஒரு சடங்கே உண்டு. உடைந்த எல்லாத் துண்டுகளையும் தேடி எடுத்துக் கொடுத்தால்தான் புது ஊசி. துண்டுகளைச் சேர்த்து ஒரு ரிஜிஸ்டரில் ஒட்டி வைப்பார்கள். வெளிநாட்டில் ஏதோ ஒரு குழந்தையின் சட்டையில் ஊசிமுனை போய்விடக்கூடாது என்று. நல்ல விஷயம்தான். அந்தக் குழந்தைக்குக் கிடைக்கும் கவனத்தில் கால்வாசி தைக்கிற அக்காவின் முதுகுவலிக்குக் கிடைத்தால் தேவலை.

அதன்பின் பிசிர் வெட்டுதல், செக்கிங், அயர்ன், மடித்துப் பாலிதீன் பையில் போடுதல், அட்டைப் பெட்டி. காலை எட்டரைக்குப் போனால் மாலை ஐந்தரை ஒரு ஷிப்ட். ராத்திரி எட்டரை வரை இருந்தால் ஒன்றரை ஷிப்ட். சனிக்கிழமை சம்பளம்.

புதுக்கோட்டை எப்படி இதற்குள் வந்தது?

1974 ஜனவரி 14-ல் பிறந்த மாவட்டம் நம்முடையது. காவிரி எட்டிப் பார்க்கும் கொஞ்சம் இடத்தை விட்டால் மற்றதெல்லாம் கண்மாயும் மழையும்தான். மழை பொய்த்தால் வெளியூர் என்பது பழைய பழக்கம். முன்பு பர்மா, மலேயா. பிறகு சிங்கப்பூர், வளைகுடா. ஆனால் அவை ஆண்கள் போன ஊர்கள்.

பெண்கள் தனியாக வேலைக்கு வெளியூர் போக ஆரம்பித்ததற்கு வறுமை மட்டும் காரணம் இல்லை என்பது என் எண்ணம். 1991-92-ல் இங்கே அறிவொளி இயக்கம் நடந்தது. ஷீலா ராணி சுங்கத் கலெக்டராக இருந்தார். எழுத்தறிவோடு ஆயிரக்கணக்கான பெண்கள் சைக்கிளும் கற்றார்கள். உலகம் முழுக்கப் பேசப்பட்ட விஷயம் அது. சைக்கிள் கற்ற அந்தத் தலைமுறையின் மகள்கள்தான் பத்துப் பதினைந்து வருடம் கழித்துத் திருப்பூர் பஸ் ஏறியவர்கள். பத்தாவதோ பன்னிரண்டாவதோ முடித்தவர்கள், கல்குவாரிக்கும் நடவுக்கும் போக மனமில்லாதவர்கள். உள்ளூரில் வேறு வேலை இல்லை. 2018 நவம்பர் 16-ல் கஜா புயல் தென்னையையும் பலாவையும் சாய்த்துப் போட்டபிறகு, தோப்பு வைத்திருந்த வீடுகளிலிருந்துகூடப் பெண்கள் போனார்கள்.

இதில் இருண்ட பக்கமும் உண்டு. 'சுமங்கலித் திட்டம்' என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். மூன்று வருடம் ஆலை விடுதியிலேயே தங்கி வேலை செய்தால் முடிவில் முப்பதாயிரம், ஐம்பதாயிரம் என்று மொத்தமாகப் பணம், கல்யாணச் செலவுக்கு. வரதட்சணையை 1961-லேயே சட்டம் தடை செய்த நாட்டில் வரதட்சணையைக் காட்டியே ஆள் பிடித்தார்கள்! பெரும்பாலும் நூற்பாலைகளில்தான் இது நடந்தது. வெளியே போக அனுமதி இல்லை, வருடக்கணக்கு முடியும் முன் நோய் வந்து திரும்பினால் பணமும் இல்லை. 2011-ல் நெதர்லாந்து அமைப்புகள் இரண்டு இதைப் பற்றி அறிக்கை வெளியிட்டபின்தான் வெளிநாட்டு பிராண்டுகள் விழித்துக்கொண்ட மாதிரி காட்டிக்கொண்டன. மூன்று வருடக் கூலியின் ஒரு பகுதியைப் பிடித்து வைத்து, அதற்குப் பரிசு என்று பெயர் வைப்பது எந்த ஊர் நியாயம்?

இந்தக் கொடுமை எதுவும் இல்லாத, ஒழுங்காகச் சம்பளம் கொடுத்த ஒரு கம்பெனியில்தான் என் பெரியம்மா மகள் எட்டு வருடம் வேலை பார்த்தாள். வீட்டுக் கடனில் பாதியை அடைத்தது அவள் சம்பளம்தான். தம்பியைப் படிக்கவைத்ததும் அவள்தான். கல்யாணமாகி ஊருக்கு வந்தபிறகு ஒருநாள், "அக்கா, என் சட்டை கொஞ்சம் லூசாக இருக்கு, பிடித்துத் தர்றியா?" என்று கேட்டேன். சிரித்துவிட்டாள்.

"தம்பி, எனக்குத் தோள் மட்டும்தான்டா தெரியும். ஒரு நாளைக்கு ஆயிரம் தோள் கொடு, தைத்துத் தர்றேன். பிடிக்கிறது, வெட்டுறது எல்லாம் நம்ம கையில் எங்கே விட்டாங்க?"

இதுதான் விஷயம். எட்டு வருடத்தில் அவள் இணைத்த தோள்களை எண்ணினால் லட்சங்களில் வரும். அவள் வேகத்துக்கு நம் கடைத்தெரு டெய்லர் யாரும் பக்கத்தில் வர முடியாது. ஆனால் அந்த வேகம் அந்த வரிசைக்குள் இருக்கும்வரைதான் செல்லும். வெளியே வந்தால் அது ஒரு தொழில் ஆகாது. பழைய பவர் டேபிள் காலத்துக் கைமடிப் பையனுக்கு மேலே ஏற ஏணி இருந்தது. இவளுக்கு இருந்தது ஒரு நாற்காலி. பெண்களை சூப்பர்வைசர் ஆக்குவதும் அபூர்வம்.

இதற்கு நேர் எதிரான ஒரு முறை நம் கண்முன்னாலேயே இருக்கிறது, நாம்தான் கவனிப்பதில்லை. அரசுப் பள்ளியில் படித்தவர்கள் எல்லோரும் போட்ட இலவசச் சீருடை! அதைத் தைப்பவர்கள் சமூக நலத் துறையின் கீழ் இயங்கும் மகளிர் தையல் தொழில் கூட்டுறவுச் சங்கங்களின் உறுப்பினர்கள். துணியை மொத்தமாக வெட்டி, பிரித்து, உறுப்பினர்களுக்குக் கொடுத்துவிடுவார்கள். அவர்கள் வீட்டுக்குக் கொண்டுபோய் முழு உடையையும் தாங்களே தைத்துத் திருப்பிக் கொடுப்பார்கள், உருப்படிக்கு இத்தனை என்று கூலி. கூலி அதிகம் என்று யாரும் சொல்ல மாட்டார்கள், வேலையும் வருடம் முழுக்க இருக்காது. அந்தச் சட்டைகள் நமக்கு எப்படிப் பொருந்தின என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை, இரண்டு பேர் உள்ளே போகலாம். ஆனாலும் அங்கே ஒரு பெண்ணின் கையில் சட்டை முழுதாக முடிகிறது. அதே கையால் பக்கத்து வீட்டுக்கு ஒரு ஜாக்கெட்டும் தைத்துக் கொடுத்துக் காசு பார்க்க முடிகிறது.

இப்போது திருப்பூர்க் கம்பெனிகள் சில, ஆள் தேடி தென்மாவட்டங்களிலேயே தையல் யூனிட்கள் போட ஆரம்பித்திருக்கின்றன. விடுதி வேண்டாம், காலையில் வேன் வரும், மாலையில் வீடு. அம்மாக்களுக்கு நிம்மதி. வரிசை மட்டும் அதே வரிசை, போர்டும் அதே போர்டு. திருப்பூரிலோ அந்த நாற்காலிகளில் பீகாரும் ஒடிசாவும் ஜார்க்கண்டும் உட்கார்ந்திருக்கின்றன.

அக்காவுக்கு அந்த வேன் வேண்டாமாம், கைக்குழந்தை இருக்கிறது. அரசின் இலவசத் தையல் மிஷினுக்கு மனுப் போடலாம் என்று விசாரித்தாள். சத்தியவாணி முத்து அம்மையார் பெயரில் உள்ள திட்டம். அதற்குத் தையல் தெரியும் என்பதற்குச் சான்றிதழ் வைக்க வேண்டும். எனவே எட்டு வருடம் தைத்தவள், போன மாதத்திலிருந்து பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் ஒரு தையல் வகுப்புக்குப் போய்க்கொண்டிருக்கிறாள். முதல் வாரம் காஜா. இப்போது செய்தித்தாளில் ஜாக்கெட் அளவு வெட்டிப் பழகுகிறாள். வீட்டில் அன்றைய பேப்பரை நாங்கள் படித்து முடிக்கும் முன்பே கத்தரி போட்டுவிடுகிறாள் என்று பெரியப்பாவுக்குத்தான் கோபம்.